எண் 5 எங்கே நிற்பது? 1953 வெம்பிளி நட்பு ஆட்டமும் ஹிடெக்குட்டியின் ஆட்ட வாழ்வும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1953 நவம்பர் 25, புதன்கிழமை. லண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் ஹங்கேரியும் ஒரு நட்புக் கால்பந்து ஆட்டத்தில் மோதின. கோப்பையும் இல்லை, புள்ளியும் இல்லை. சுமார் 1,05,000 பேர் பார்த்த அந்த ஆட்டம் 6–3 என ஹங்கேரிக்குச் சாதகமாக முடிந்தது. ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த எந்த நாட்டு அணியிடமும் அதுவரை இங்கிலாந்து தன் மண்ணில் தோற்றதில்லை. ஹங்கேரி அடித்த ஆறில் மூன்று கோல், ஒன்பதாம் எண் சட்டை போட்டிருந்த நாண்டோர் ஹிடெக்குட்டியுடையவை. அப்போது அவருக்கு வயது 31. ஸ்ட்ரைக்கருக்கு அது இறங்குமுக வயது என்றுதான் பலரும் கணக்குப் போடுவார்கள்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஹங்கேரியின் 10, புஷ்காஷின் இடது காலைப் பற்றியவை. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வியை. ஹங்கேரியின் 9, அதாவது முன்னணியின் நடுவில் ஆடும் சென்டர் ஃபார்வர்ட், கோலுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி நின்றார். அவரைப் பிடிக்க வேண்டிய இங்கிலாந்தின் 5, அதாவது பின்னணியின் நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப், எங்கே நின்றிருக்க வேண்டும்? அதைத் தீர்மானித்திருக்க வேண்டியது யார்?

இங்கிலாந்து ஆட்டக்காரர்களை இங்கே பெரும்பாலும் சட்டை எண்ணாலேயே குறிப்பிடுகிறோம். அன்று தவறியது ஓர் ஆள் அல்ல என்பதே காரணம். எண் 5 சாதாரண ஆட்டக்காரர் அல்லர். அதே ஆண்டு மே மாதம் இங்கிலாந்து கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணிக்கு அவர்தான் கேப்டன்.

பின்னணி: எண்ணுக்கு எண் ஜோடி

1925-இல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை, பந்து கொடுக்கப்படும் நொடியில் முன்கள ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அது இரண்டாகக் குறைந்ததும் கோல்கள் கொட்டின. அந்த ஓட்டையை அடைக்க, நடுக்களத்தில் ஆடிவந்த சென்டர் ஹாஃப், பின்னணியின் இரு ஓரத்துத் தடுப்பாளர்களான ஃபுல்பேக்குகளுக்கு நடுவே இறக்கப்பட்டார். மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனல் கிளப் இதைச் செம்மைப்படுத்தியது. மேலிருந்து பார்த்தால் முன்னணி ஐவர் டபிள்யூ வடிவத்திலும், பின்னணி ஐவர் எம் வடிவத்திலும் நிற்பார்கள். அதனால் டபிள்யூ-எம் என்ற பெயர்.

இந்த அமைப்பின் உயிர் ஜோடிக் கணக்கில் இருக்கிறது. இரண்டு அணியும் இதே அமைப்பில் ஆடினால் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிராளி கிடைத்துவிடுவார். 2 எதிரணியின் 11-ஐப் பிடிப்பார், 3 அவர்களின் 7-ஐ. பின்னணிக்கு முன்னால் நிற்கும் விங் ஹாஃப்களான 4-உம் 6-உம் முறையே, 9-க்கும் விங்கர்களுக்கும் இடையில் ஆடும் இன்சைட் ஃபார்வர்டுகளான 10-ஐயும் 8-ஐயும் பிடிப்பார்கள். நடுவில் 5-க்கு 9. இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான் ஆடினார்கள். சென்டர் ஹாஃபின் வேலை 9-ஐ ஒட்டி நிற்பது, உயரப் பந்தைத் தலையால் வெளியேற்றுவது, இடத்தைவிட்டு நகராமல் இருப்பது. எதிராளி எங்கே இருப்பார் என்று தேடவேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை.

அணித் தேர்வையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்துக்கு வால்டர் விண்டர்பாட்டம் மேலாளர், ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது கால்பந்துச் சங்கத்தின் குழு. அன்று இறங்கிய 11 பேரும் 7 கிளப்புகளிலிருந்து வந்தவர்கள். நான்கு பேர் பிளாக்பூல், இரண்டு பேர் டாட்டன்ஹாம், மற்ற ஐவரும் ஆளுக்கொரு கிளப். எண் 8-க்கும் எண் 11-க்கும் அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். கடைசி ஆட்டமாகவும் அதுவே ஆனது.

ஹங்கேரியின் 11 பேரும் மூன்றே கிளப்புகளைச் சேர்ந்தவர்கள். ராணுவ அணியான ஹோன்வேட் 7, எம்டிகே 3, டோரோக் 1. எம்டிகே அப்போது அரசு சூட்டிய ‘செங்கொடி’ என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்தது. வாரம் முழுவதும் கிளப்பில் பழகிய ஓட்டத்தை நாட்டு அணிக்கு அப்படியே கொண்டுவர முடிந்தது. கிளப்புகளைத் தேசியமயமாக்கிய அரசின் கை இதில் இருந்தது. பயிற்சியாளர் குஸ்டாவ் ஷெபெஷ் விளையாட்டுத் துணை அமைச்சராகவும் இருந்தார். இந்த வசதி இங்கிலாந்து மேலாளருக்குக் கனவிலும் கிடைத்திருக்காது. இரண்டையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

ஹிடெக்குட்டி அந்த இடத்துக்கு வந்த வழி

1922 மார்ச் 3 அன்று புடாபெஸ்டில் பிறந்தவர். 1945 செப்டம்பரில் ருமேனியாவுக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம், அதிலேயே இரண்டு கோல். ஆனால் அடுத்த ஏழு ஆண்டுகள் அவருக்கென்று ஓர் இடம் நிலைக்கவில்லை. பெரும்பாலும் வலது விங்கிலும் இன்சைட் ஃபார்வர்டாகவும் ஆடினார். வேகம் இருந்தது, பாஸ் இருந்தது, தூரத்திலிருந்து அடிக்கும் அடி இருந்தது. மோதி இடம்பிடிக்கும் உடம்பு மட்டும் இல்லை. அந்தக் காலத்து 9-இடம் எல்லோரும் எதிர்பார்த்தது அதைத்தான்.

பின்னால் இறங்கும் 9 என்ற எண்ணம் எம்டிகேயில் பயிற்சியாளர் மார்டோன் புகோவியிடம் உருவானது. பிறந்த காரணம் பற்றாக்குறை. அணியின் பலமான சென்டர் ஃபார்வர்ட் 1948-இல் இத்தாலியின் லாசியோவுக்குப் போய்விட்டார். அதே வகை ஆள் வேறு கிடைக்கவில்லை. இல்லாத ஆளைத் தேடி அலைவதைவிட, இருக்கிற ஆளுக்கு ஏற்ப அந்த இடத்தின் வேலையையே மாற்றுவது என்று புகோவி முடிவெடுத்தார். அங்கே அந்தப் பங்கை ஆடியவர் பேட்டர் பலோடாஷ். நாட்டு அணிக்கும் முதலில் அவர்தான் அப்படி ஆடினார்.

1952 செப்டம்பர் 20, பெர்ன். சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஹங்கேரி 0–2 எனப் பின்தங்கி நின்றது. ஷெபெஷ் பலோடாஷை வெளியே எடுத்து ஹிடெக்குட்டியை இறக்கினார். ஆட்டம் 4–2 என ஹங்கேரிக்கு முடிந்தது. 30 வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஆட்டத்தின் நடுவில் கிடைத்த இடம் அது. அதன்பின் அவரை யாரும் அங்கிருந்து அசைக்கவில்லை.

பலோடாஷையும் இங்கே ஓரிடம் வைத்துச் சொல்ல வேண்டும். இடத்தை இழந்ததால் அவர் தேய்ந்துபோகவில்லை. 1955-இல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஹாட்ரிக்கை, அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோலை, அடித்தவர் அவர்தான். ஹிடெக்குட்டி அவரைவிடச் சிறந்தவர் என்பதைவிட, அந்த வேலைக்குக் கூடுதலாகப் பொருந்தினார் என்பதே சரி. விங்கில் ஆடிய ஆண்டுகள் அவருக்குக் களத்தை முன்னோக்கிப் பார்க்கும் பழக்கத்தைத் தந்திருந்தன. கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்து வாங்கும் 9-க்கு அது வராது.

ஆட்டத்துக்கு முன் எடுக்கப்பட்ட முடிவுகள்

ஷெபெஷின் தயாரிப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அக்டோபர் 21 அன்று வெம்பிளியில் இங்கிலாந்து, ஐரோப்பியக் கலப்பு அணியோடு 4–4 எனச் சமன் செய்ததை நேரில் பார்த்தார். களத்தின் அளவைக் குறித்துக்கொண்டார். இங்கிலாந்துச் சங்கத்தின் செயலாளரிடம் கேட்டு, அங்கே பயன்படும் பந்துகளை வாங்கிப் போனார். ஊருக்குத் திரும்பியதும் அதே அளவுக் களத்தில் அதே பந்தோடு பயிற்சி நடந்தது. இங்கிலாந்துப் பந்து கனம் கூடியது, ஈரம் ஏறினால் இன்னும் மந்தமாகும். தரையோடு உருட்டிக் கொடுக்கும் பாஸுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் காலுக்கு முன்கூட்டியே பழக்கிவிட வேண்டியிருந்தது. ஹங்கேரியர்களின் பூட்ஸ் கணுக்காலுக்குக் கீழே நிற்கும் இலேசான வகை. இங்கிலாந்தில் கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ்தான் வழக்கம்.

பத்து நாளுக்கு முன், நவம்பர் 15 அன்று, புடாபெஸ்டில் ஸ்வீடன் ஹங்கேரியை 2–2 எனத் தடுத்திருந்தது. ஸ்வீடனின் பயிற்சியாளர் ஜார்ஜ் ரெய்னர் ஓர் ஆங்கிலேயர். அதைப் பார்த்த பலருக்கும், ஹங்கேரியைச் சமாளித்துவிடலாம் என்ற தெம்பு வந்தது. ஆனால் அந்த அணி 1950 மே மாதத்துக்குப் பிறகு அதிகாரபூர்வ ஆட்டங்களில் தோற்றதே இல்லை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்தது. 1953 மே 17 அன்று ரோமில் இத்தாலியை 3–0 என வென்றபோது ஹிடெக்குட்டியும் ஒரு கோல் அடித்திருந்தார். ஆகவே பின்னால் இறங்கும் 9 திடீரென்று முளைத்த வித்தை அல்ல. ஓராண்டுக்கு மேலாக எல்லோர் கண் முன்னாலும் நடந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்து தரப்பில், 9 கீழே இறங்கினால் யார் போவது என்பதற்கு 11 பேருக்கும் புரியும் ஒரே விடை இல்லாமல்தான் அணி இறங்கியது. இந்த ஆய்வு அடிப்படைத் தவறாகக் காண்பது இதைத்தான். எண் 5 ‘போகிறேன்’ என்று முடிவெடுத்தாலும், ‘நிற்கிறேன்’ என்று முடிவெடுத்தாலும் அது அவருடைய தனி முடிவாக இருக்க முடியாது. அவர் போனால் 2, 3, 4, 6 நால்வரும் நகர வேண்டும். நின்றால் வேறொருவர் போக வேண்டும். களத்தில் ஒரு நொடியில் ஐந்து பேருக்கும் ஒரே எண்ணம் தானாகத் தோன்றாது.

ஆட்டத்தில் கண்டது

முதல் நிமிடம் முடிவதற்குள் கோல். நடுக்களத்திலிருந்து வந்த பந்தை வாங்கி, பெனால்டி பகுதியின் விளிம்புக்கு வெளியே வந்து நின்றார் ஹிடெக்குட்டி. உடலால் ஒரு போக்குக் காட்டிவிட்டு உயரமாக அடித்தார். பந்து வலைக்குள் போனது. அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், அவர் பந்தோடு திரும்பி கோலை நோக்கி வரும்போது எதிரே வருபவரிடம் ஒரு தயக்கம் தெரியும். ஒட்டி நிற்கவும் இல்லை, விலகி நிற்கவும் இல்லை. அந்த இரண்டு மூன்று கஜ இடைவெளிதான் அடிப்பதற்கான இடம்.

13-ஆம் நிமிடத்தில் இங்கிலாந்தின் 10 சமன் செய்தார். இந்தக் கோலைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அதன் தொடக்கம் எண் 5-இடம் இருந்தது. தன் பகுதியில் பந்தை மறித்து, தானே முன்னேறி 9-க்குக் கொடுத்தார், அவர் 10-க்கு. தன் இடத்தைவிட்டு வெளியே வந்தபோதுதான் அவரால் ஆட்டத்தை மாற்ற முடிந்தது. ஆனால் அது பந்து அவர் காலில் இருந்ததால் நடந்தது. எதிராளியின் காலில் பந்து இருக்கும்போது வெளியே வருவது வேறு சங்கதி.

20-ஆம் நிமிடத்தில் ஹிடெக்குட்டியின் இரண்டாவது கோல், பெனால்டி பகுதிக்குள் கிடைத்த தளர்ந்த பந்தில். 24-ஆம் நிமிடத்தில் புஷ்காஷ். இடது விங்கரான சிபோர் வலப்பக்கம் போய்ப் பந்தைத் தாழ்வாக உள்ளே தள்ளினார். புஷ்காஷைப் பிடிக்க வேண்டிய எண் 4 சறுக்கி வந்தார். புஷ்காஷ் பூட்ஸின் அடிப்பாகத்தால் பந்தைப் பின்னுக்கு இழுத்தார். சறுக்கியவர் பந்து இருந்த இடத்தைக் கடந்து போய்விட்டார். இழுத்த அதே இடது கால், அருகிலிருந்த கம்பத்தை ஒட்டி அடித்தது. உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட காட்சி இதுதான். ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டியது, 10-ஆக இருந்த புஷ்காஷ் கோலுக்கு அவ்வளவு அருகில் எப்படி அத்தனை இடத்தோடு நின்றார் என்பது. 9 காலி செய்த இடத்தில்தான் 8-உம் 10-உம் குடியேறியிருந்தார்கள்.

27-ஆம் நிமிடத்தில் நடுக்கள ஆட்டக்காரர் போஜிக் அடித்த ஃப்ரீ கிக்கைப் புஷ்காஷ் காலால் திசைமாற்றி மீண்டும் ஒரு கோல். 38-இல் இங்கிலாந்தின் 9 ஒன்றைத் திருப்பினார். இடைவேளையில் 4–2.

இந்த 45 நிமிடத்தில் ஹங்கேரியின் அமைப்பு எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹிடெக்குட்டி கோலிலிருந்து 25, 30 கஜம் தள்ளி இறங்கி நிற்பார். 8-ஆன கோச்சிஷும் 10-ஆன புஷ்காஷும் இரட்டை ஸ்ட்ரைக்கர்களாக மேலே ஏறுவார்கள். இங்கிலாந்தின் 4-உம் 6-உம் ஜோடிக் கணக்குப்படி அவர்களைத் தொடர்ந்து பின்னால் போயாக வேண்டும். போனால் நடுக்களம் காலியாகும். அங்கே ஹிடெக்குட்டியும் போஜிக்கும் இருவராக நிற்பார்கள், எதிரே கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்காது. இதற்கிடையில் ஹங்கேரியின் 6, ஜகாரியாஷ், தன் பின்னணியோடு சேர்ந்து நான்காவது ஆளாகிவிடுவார். விங்கர்கள் புடாயியும் சிபோரும் தேவைப்படும்போது கீழே இறங்கிப் பந்து வாங்குவார்கள். அவர்களைத் துரத்தி 2-உம் 3-உம் வெளியே வந்தால் 5-க்கு இருபுறமும் வாசல் திறந்துவிடும்.

இதில் எண் குழப்பம் வேறு சேர்ந்துகொண்டது. ஹங்கேரியில் எண்களை வேறு வரிசையில் போடுவார்கள். பின்னணியின் நடுவில் நிற்பவருக்கு 3, நடுக்கள போஜிக்குக்கு 5. சட்டை எண்ணைப் பார்த்தே எதிராளியைக் கண்டுபிடித்துப் பழகியவர்களுக்கு அன்று அந்த எண்கள் உதவவில்லை.

எண் 5-க்கு இருந்தவை இரண்டு வழி, இரண்டும் கெட்டவை. ஹிடெக்குட்டியைத் தொடர்ந்து வெளியே போனால், அவர் விட்ட பள்ளத்தில் புஷ்காஷோ கோச்சிஷோ நேராக கோல்கீப்பரைச் சந்திப்பார்கள். நின்றுவிட்டால் யாரையும் பிடிக்காமல் நிற்பார், ஹிடெக்குட்டி தலை நிமிர்ந்து பாஸ் தேர்ந்தெடுப்பார். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். அதுதான் மூன்றாவது வழி, மற்ற இரண்டையும்விட மோசமானது. பக்கத்தில் நிற்பவர்களால் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியாமல் போனது.

இடைவேளையிலும் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதை அடுத்த எட்டு நிமிடம் காட்டியது. 50-ஆம் நிமிடத்தில் போஜிக் தூரத்திலிருந்து அடித்தார். நடுக்களத்தில் ஆள் இல்லாததன் நேரடி விளைவு அது. 53-ஆம் நிமிடத்தில் புஷ்காஷ் தூக்கிக் கொடுத்த பந்தை, தரையில் விழவிடாமல் அடித்து ஹிடெக்குட்டி ஹாட்ரிக்கை முடித்தார். இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். 10 பாஸ் கொடுக்கிறார், 9 பின்னாலிருந்து ஓடிவந்து முடிக்கிறார். அதுவரை பாஸ் கொடுப்பவராக நினைத்து விட்டுவைத்தவர், கடைசி நொடியில் பழைய சென்டர் ஃபார்வர்டாகிவிட்டார். 57-இல் எண் 2, ஆல்ஃப் ராம்சி, பெனால்டியில் ஒன்றைத் திருப்பினார். மீதி அரை மணி நேரத்தில் கோல் இல்லை.

தொடர்ந்து நடந்தவை

அன்று ஆடிய இங்கிலாந்துக்காரர்களில் ஆறு பேர் அதன்பின் நாட்டு அணிக்கு ஆடவே இல்லை. எண் 5-உம் ராம்சியும் அவர்களில் உண்டு. ஆள் மாற்றினால் போதும் என்று குழு நினைத்தது. 1954 மே 23 அன்று புடாபெஸ்டில் மறு ஆட்டம் நடந்தபோது வெம்பிளியில் ஆடாத ஏழு பேர் இறங்கினார்கள். அமைப்பு அதேதான். புதிய எண் 5-க்கு அதே கேள்வி, விடையும் இல்லை. ஆட்டம் 7–1. ஹிடெக்குட்டி ஒரு கோல் அடித்தார். இங்கிலாந்து நாட்டு அணி வரலாற்றில் இன்றுவரை அதுதான் மிகப் பெரிய தோல்வி.

சரியான விடை இரண்டு மாதத்துக்குள் வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1954 உலகக் கோப்பையில் ஹிடெக்குட்டி நான்கு கோல் அடித்தார். முதல் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8–3 என நொறுக்கியபோது இரண்டு, காலிறுதியில் பிரேசிலுக்கு எதிராக ஒன்று, அரையிறுதியில் உருகுவேக்கு எதிராக ஒன்று. ஜூலை 4, பெர்னில் நடந்த இறுதி ஆட்டத்தில் மீண்டும் மேற்கு ஜெர்மனி. பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் விங் ஹாஃப் ஹோர்ஸ்ட் எக்கெலிடம், ஹிடெக்குட்டி எங்கே போனாலும் கூடவே போகச் சொல்லியிருந்தார். சென்டர் ஹாஃப் லீப்ரிக் பின்னால் நின்று புஷ்காஷைப் பார்த்துக்கொண்டார். யார் போவது, யார் நிற்பது என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகியிருந்தது. எட்டு நிமிடத்துக்குள் ஹங்கேரி 2–0 என முன்னேறியும் ஜெர்மனி 3–2 என வென்றது. மழையும், புஷ்காஷின் கணுக்கால் காயமும் அன்று ஜெர்மனிக்கு உதவின என்பது உண்மை. ஹிடெக்குட்டியின் ஓர் அடி கம்பத்தில் பட்டு விலகியதும் உண்மை. ஆனாலும் வெம்பிளியில் அவருக்குக் கிடைத்த அந்த இடைவெளி பெர்னில் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் பாடத்தை முதலில் எடுத்துக்கொண்டது ஒரு கிளப். மான்செஸ்டர் சிட்டி 1954–55 பருவத்தில் டான் ரெவியைப் பின்னால் இறங்கும் 9-ஆக ஆடவைத்தது. பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே பிரெஸ்டனிடம் 0–5 எனத் தோற்றது. பல கிளப்புகள் அந்த இடத்திலேயே பழைய முறைக்குத் திரும்பியிருக்கும். சிட்டி திரும்பவில்லை. 1955-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதிவரை போய்த் தோற்றது, 1956-இல் கோப்பையை வென்றது. இந்தப் பிடிவாதம் பாராட்டுக்குரியது. புது அமைப்பில் முதல் சில வாரம் அடி வாங்குவது இயல்பு, காரணம் அமைப்பு தவறு என்பதல்ல, சுற்றி நிற்பவர்களின் கால்கள் இன்னும் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

நாட்டு அணியில் மாற்றம் வர இன்னும் பத்தாண்டு ஆனது. 1963-இல் பொறுப்பேற்ற ராம்சி, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முழு அதிகாரமும் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கினார். குழுத் தேர்வு அத்தோடு முடிந்தது. 1966-இல் உலகக் கோப்பை வந்தது. வெம்பிளியில் அந்த ஆறு கோல்களையும் பின்னணியில் நின்று பார்த்தவர் அவர்.

ஹிடெக்குட்டியின் மீதி வாழ்வு

1956-இல் ஹங்கேரியில் நடந்த மக்கள் எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் மூவரும் வெளிநாட்டில் தங்கிவிட்டார்கள். ஹிடெக்குட்டி ஊரிலேயே இருந்தார். 1958-இல் எம்டிகேயோடு மீண்டும் ஒரு லீக் பட்டம், அதே ஆண்டு 36 வயதில் இன்னோர் உலகக் கோப்பை. 69 சர்வதேச ஆட்டங்களில் 39 கோல்களோடு முடித்தார். பாதி நேரம் கோலிலிருந்து முப்பது கஜம் தள்ளி நின்றவருக்கு இது பெரிய எண்ணிக்கை. அவர் கொடுத்து மற்றவர்கள் அடித்தவை இந்தக் கணக்கில் வராது.

பயிற்சியாளராக 1961-இல் இத்தாலியின் ஃபியோரெண்டினாவை ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையை வெல்ல வைத்தார். 1963-இல் ஜ்யோர் நகர அணியை ஹங்கேரி சாம்பியனாக்கினார், அந்த அணி 1965-இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிவரை போனது. பிறகு எகிப்தின் அல் அஹ்லியில் பல ஆண்டுகள். 2002 பிப்ரவரி 14 அன்று காலமானார். எம்டிகேயின் அரங்கம் இன்று அவர் பெயரில் நிற்கிறது.

மறுபடி செய்வதானால் என்ன மாற வேண்டும்

வெம்பிளிக் கேள்வி இன்றும் ஒவ்வொரு மைதானத்திலும் எழுகிறது. எதிரணி 9 கீழே இறங்கினால் கையிலிருக்கும் விடைகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

முதலாவது, நடுக்களத்திலிருந்து ஒருவரை ஒதுக்கி அவரோடு அனுப்புவது. ஹெர்பெர்கர் செய்தது இதுதான். விலை: அந்த ஆளைத் தன் அணியின் தாக்குதலுக்குக் கிட்டத்தட்ட இழக்க வேண்டும். இரண்டாவது, 5 தானே போவது. அப்படியானால் பக்கத்து இருவரும் உள்ளே நெருங்கி அந்தப் பள்ளத்தை மூட வேண்டும். விலை: ஓரங்கள் திறக்கும், எதிரணி விங்கர் அகலமாக நின்றால் குறுக்குப் பந்து வரும். மூன்றாவது, யாரும் போகாமல் மொத்தப் பின்வரிசையும் மேலே ஏறி, 9-க்கும் தங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சுருக்குவது. விலை: முதுகுக்குப் பின்னால் பெரிய வெளி. கோல்கீப்பர் பெனால்டி பகுதியைவிட்டு வெளியே வரத் துணிந்தவராக இருக்க வேண்டும். அன்றைய இங்கிலாந்து கோல்கீப்பர்களுக்கு அது பழக்கமில்லை, ஆகவே மூன்றாவது வழி அவர்களுக்கு இருந்ததாகக் கொள்ள முடியாது. கையிலிருந்தவற்றில் முதலாவதுதான் பொருத்தம் என்பது இந்த ஆய்வின் முடிவு. எண் 6-ஐ ஹிடெக்குட்டியிடம் அனுப்பி, 5 கோச்சிஷை எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போதும் தோல்வி வந்திருக்கும் என்றே தோன்றுகிறது, ஆனால் ஆறு கோல் போயிருக்காது.

பயிற்சியில் இதைச் சரிசெய்ய அரைக் களம் போதும். தற்காக்க ஐந்து பேரும் கோல்கீப்பரும், தாக்க ஆறு பேர். தாக்குபவர்களில் ஒருவர் 9. அவர் விரும்பும்போது 15 கஜம் கீழே இறங்கலாம், அல்லது இறங்குவதுபோலக் காட்டி மறுபடி உள்ளே ஓடலாம். முதல் பத்து நிமிடம் வேகம் குறைவாக, ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஆட்டத்தை நிறுத்தி ஐந்து பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அடுத்த பதினைந்து நிமிடம் முழு வேகம். அழைப்பது எப்போதும் 5, ஏனென்றால் அவர் முன்னால்தான் எல்லாம் நடக்கிறது. ‘நான்’, ‘நீ’ என்று இரண்டே சொல். நீளமாகச் சொன்னால் பந்து அதற்குள் போய்விடும்.

இதில் வழக்கமாகக் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, 9 இறங்கும்போது மட்டும் கவனித்துவிட்டு, அவர் திரும்ப உள்ளே ஓடிவரும்போது விட்டுவிடுவது. வெம்பிளியின் ஆறாவது கோல் அந்த வகை. கூடப் போனவர் கூடவே திரும்பியும் வர வேண்டும், பாதியில் இன்னொருவரிடம் ஒப்படைத்தால் அதற்கும் ஓர் அழைப்பு வேண்டும். மற்றொன்று, அழைப்பு தாமதமாவது. 9-இன் காலில் பந்து பட்ட பிறகு குரல் வந்தால், கோல் விழாவிட்டாலும் அந்த முறையைத் தவறியதாகவே குறித்துக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும்.